அஞ்சு மாசச் சம்பந்தி

உட்காருங்க ஏட்டய்யா. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதிலே உட்காருங்க. மோரா, காப்பியா? ரெண்டும் வேண்டாமா? ஒரு போலீஸ்காரர் என் வீட்டிலே பச்சைத் தண்ணிகூடத் தொடமாட்டேன்னா விசாரணை கொஞ்சம் பெரிசுதான். சரி, கேளுங்க.

ஆமாம், கட்டுத்தரையிலே மாட்டுக்கு முன்னாலே நின்னு குழல் ஊதறாரே, அவர்தான். பேர் ஹார்லன். வயசு எழுபத்தொண்ணு. ஊர் சிகாகோ. பாஸ்போர்ட், விசா எல்லாம் பீரோவிலே இருக்கு. வெளிநாட்டு ஆள் தங்கினா பதியணும்னு சொன்னாங்க, கம்ப்யூட்டர் சென்டரிலே பதிஞ்சாச்சு. மூணு மாசமா இங்கேதான். இன்னும் ரெண்டு மாசம் இருப்பார். எனக்கு என்ன உறவா? சம்பந்தி. என் மகளோட மாமனார்.

மகளும் மாப்பிள்ளையுமா? அவங்க சிகாகோவிலே இருக்காங்க. மாமனார் மட்டும் இங்கே. எப்படின்னு கேட்டீங்க பாருங்க, அதுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். பேனாவை மூடிக்குங்க, மை காய்ஞ்சிடும்.

நீங்க ஸ்டேஷனுக்குப் புதுசு, என்னைத் தெரியாது. ராக்கியப்பன்னா பொள்ளாச்சிச் சந்தையிலே மாட்டுக்கே தெரியும். ஒன்பது வயசிலே சாணி அள்ளப் போனேன். பதினேழிலே தரகு. இருபத்தஞ்சிலே சொந்த வியாபாரம். பள்ளிக்கூடம் மூணாவதோட சரி. அதுக்கப்புறம் உதைச்ச மாடும் ஏமாத்தின மனுசனும்தான் எனக்கு வாத்தியார். கோபம் கொஞ்சம் வரும். கொஞ்சம்தான். உள்ளே என் சம்சாரம் ருக்குமணி இருமறா பாருங்க, அதை எழுத வேண்டாம்.

ஒரே மக, மயில்விழி. சிகாகோவிலே ஒரு ஆஸ்பத்திரி லேப்பிலே வேலை. போன ஆவணியிலே ஃபோன் பண்ணினா. "அப்பா, ஒருத்தரைப் பார்த்திருக்கேன். பேர் டெஸ்மண்ட். நீ வந்து பாரு. நீ வேண்டாம்னா நான் பண்ணிக்கமாட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தை இருக்கே, அதுதான் என்னை ஆட்டிருச்சு. சண்டை போட்டிருந்தா நானும் பதிலுக்குப் போட்டு முடிச்சிருப்பேன். இவ சண்டையே போடாமே கயித்தை என் கையிலே கொடுத்துட்டா.

சொந்தக்காரங்க ஃபோட்டோவைப் பார்த்தாங்க. "அமெரிக்காக்காரன்னு சொன்னே, நம்ம நெறமா இருக்கானே"ன்னு ஏமாந்துபோனாங்க. போங்கடான்னு அனுப்பிட்டேன். நெறம், மதம், சமையல், அதெல்லாம் எனக்குக் கணக்கே இல்லை. எனக்கு ஒரே கேள்விதான். கட்டிக்கொடுத்தப்புறம் என் மக வருசத்திலே எத்தனை மாசம் என் வீட்டிலே இருப்பா?

வெளிநாட்டுக்குக் கட்டிக்கொடுத்த வீடுங்களை நான் பார்த்திருக்கேன் ஏட்டய்யா. மக படுத்த கட்டில்லே தவுட்டு மூட்டை அடுக்கியிருப்பாங்க. அதைப் பார்த்துட்டு வந்தா ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்காது. அதனாலே விமானம் ஏறும்போதே முடிவு பண்ணிட்டேன். ஆறு மாசத்திலே ஆரம்பிக்கிறது. இறங்கினா அஞ்சு. அஞ்சுக்குக் கீழே போனா கல்யாணம் இல்லை. யார் அழுதாலும் இல்லை.

சிகாகோவிலே இறங்கினேன். டெஸ்மண்ட் என் பெட்டியைத் தூக்க வந்தான். பல்லைப் பார்த்து மதிப்புச் சொல்ற தொழில் எனக்கு. பல்லு நல்ல பல்லு. பையன்மேலே குத்தம் சொல்ல ஒண்ணும் அகப்படலை. அதுவே எனக்கு எரிச்சலா இருந்தது. ஆனா இந்த மாதிரி விஷயத்தைப் பையன்கிட்டேயா பேசுவாங்க? பெத்தவர் எங்கேன்னு கேட்டேன்.

"அவரு ஒரு ஜாஸ் கிளப்பிலே நாப்பது வருசமா வாசிக்கிறாருப்பா. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வாசிப்பாங்க. டெஸ்மண்டும் கூட வாசிப்பான். அங்கேயே பார்க்கலாம்"னு இவ சொன்னா.

சம்பந்தம் பேச சாராயக்கடைக்கா? நல்லாக் கத்தினேன். கத்தி முடிச்சுட்டுக் கிளம்பினேன். வேட்டி, சட்டை, தோளிலே துண்டு. பேச்சுவார்த்தைக்குத் துண்டு இல்லாமே நான் போறதில்லை.

அந்த கிளப்புக்கு எண்பத்தாறு வயசாம். தெருவிலே இருந்து பதினாலு படி கீழே இறங்கணும். வாசல்லே ஒரு ஆளு, யானைக்குட்டி மாதிரி. தலைக்கு முப்பது டாலர்ங்கறான். நான் விடுவேனா? "எனக்கு உங்க பாஷை புரியாது, அதனாலே பாதிதான் கேட்பேன். பதினஞ்சு வாங்கிக்கோ"ன்னு மகளை விட்டுச் சொன்னேன். அவன் மாட்டேன்னான். நான் திரும்பி நாலு படி மேலே ஏறினேன். சந்தையிலே அதுதான் முறை. நாலு எட்டு நடந்தா பின்னாலே கூப்பிடுவான். அவனும் கூப்பிட்டான் ஏட்டய்யா! நான் திரும்பறதுக்குள்ளே இவ அறுபதை நீட்டிட்டா. ஜெயிக்கப் போன பேரத்தை என் மகளே கெடுத்தா. என்னைத் திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

உள்ளே போனா இருட்டு. எண்பத்தாறு வருசமா ஒரு ஆணியைக்கூட மாத்தலைன்னு பெருமையா சொன்னாங்க. அதிலே என்ன பெருமை? சுவர் முழுக்கச் செத்தவங்க படம். மேஜையெல்லாம் கீறல். பார் கவுண்டர் ஓரத்திலே ஒரு ஸ்டூலைச் சுத்திக் கயிறு கட்டியிருந்தது. யாரோ பெரிய வாசிப்புக்காரர் அந்தக் காலத்திலே தினமும் உட்கார்ந்த இடமாம், யாரும் உட்காரக் கூடாதாம். செத்தவருக்கு வெல்வெட் ஸ்டூல், பத்தாயிரம் மைல் தாண்டி வந்தவனுக்கு மர ஸ்டூல். கயித்தை அவிழ்த்துட்டு உட்கார்ந்தேன். முடிச்சு என்ன, மாட்டு முடிச்சைவிடக் கஷ்டமா? கவுண்டர்லே நின்ன பொண்ணு பதறிப்போய் ஏதோ சொல்லிச்சு. மயிலு என்னைப் பிடிச்சு இறக்கினா. நான் குடிக்கிறதில்லை. தப்பா நினைக்காதீங்க, குடிச்சுப் பார்த்துத்தான் விட்டேன். அந்தப் பொண்ணு எனக்கு இஞ்சி சோடாவிலே ஒரு சிவப்புப் பழத்தைப் போட்டுக் கொடுத்துச்சு.

அப்போ ஹார்லன் வந்தார். சாம்பல் கலர் கோட்டு, தொப்பி. கையைக் கொடுத்தார். நான் மயிலுகிட்டே திரும்பி, நேரா விஷயத்துக்கு வந்தேன். "கேளு சாமி, இவரு மகனும் நீயும் வருசத்துக்கு எத்தனை மாசம் பொள்ளாச்சியிலே இருப்பீங்கன்னு கேளு."

"அப்பா, இப்பவேயா? மேடைக்குப் போறாருப்பா."

"கேக்கறியா, நான் கேக்கட்டுமா?"

கேட்டா. அவர் சிரிச்சுட்டு, "வாசிச்சு முடிச்சுட்டு வரேன், உட்கார்ந்து பேசலாம்"னு சொல்லிட்டு மேடைக்குப் போயிட்டார்.

எனக்கு அங்கேயே புரிஞ்சுபோச்சு, ஆளு தொழில்காரர்னு. உடனே பதில் சொல்றவன் பேரத்துக்கு ஆகமாட்டான்.

எங்க மேஜைமேலே ஒரு அட்டை நின்னது. என்ன எழுதியிருக்குன்னு கேட்டேன். "வாசிக்கும்போது பேசாதீங்கன்னு போட்டிருக்குப்பா." ஆகா! பேசக் கூடாது! ஏட்டய்யா, உங்க ஊர்ப் பக்கம் மாட்டுச்சந்தை உண்டா? நாங்க விலையை வாயாலே சொல்றதில்லை. துண்டைக் கையிலே போட்டு, அடியிலே அந்தாள் விரலைப் பிடிப்போம். ஒரு விரலைப் பிடிச்சா ஒண்ணு, ரெண்டைப் பிடிச்சா ரெண்டு, முழுக் கையையும் பிடிச்சா அஞ்சு. பக்கத்திலே நிக்கிறவனுக்கு ஒரு எழவும் தெரியாது. பேசாத இடம்னா அது நம்ம இடம்தானே? எனக்கு அப்போதான் அந்த கிளப்புமேலே கொஞ்சம் மரியாதை வந்தது.

வாசிச்சாங்க. ஹார்லன் அந்த வளைஞ்ச பித்தளைக் குழலைக் கழுத்திலே வார் போட்டு மாட்டியிருந்தார். டெஸ்மண்ட் ஆளுயரத்துக்கு ஒரு தந்தி வாத்தியத்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னான். ஒருத்தர் பியானோ, ஒருத்தர் டிரம். ஒருத்தன் ஒரு பக்கம் இழுக்கிறான், இன்னொருத்தன் இன்னொரு பக்கம் இழுக்கிறான். வண்டி குடைசாயப் போகுதுன்னு பார்த்தா எல்லாரும் ஒண்ணாப் போய்ச் சேர்றாங்க. கேட்க நல்லாத்தான் இருந்தது. இதை மயிலுகிட்டே சொல்லிடாதீங்க.

பாதியிலே, ஹார்லன் வாயிலே இருந்து குழலை எடுத்தார். கூட்டத்தைப் பார்த்து நின்னார். என்னை நேரா பார்த்தார். வலது கையைத் தூக்கி நாலு விரலைக் காட்டினார்.

நாலு!

எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சு. நாலு மாசம்! முதல் வாயிலேயே நாலு! நல்ல ஆரம்பம், ஆனா நான் ஒத்துக்கலாமா? ஒரு கையை முழுசா விரிச்சு, அடுத்த கையிலே ஒரு விரலைச் சேர்த்து, ஆறுன்னு காட்டினேன். மயிலு, "அப்பா, என்ன பண்றே?"ன்னு என் கையைக் கீழே இழுத்தா. நான் மறுபடியும் தூக்கினேன். அடுத்த மேஜையிலே தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா என்னைப் பார்த்து, அதுதான் அங்கே வழக்கம்னு நினைச்சாங்களோ என்னமோ, அவங்களும் ஆறு விரலைத் தூக்கினாங்க. வெளியாளே நம்ம பக்கம் பேசறாங்க பாருங்க!

மேலே குழலும் டிரம்மும் மாத்தி மாத்தி வாசிச்சாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு ஹார்லன் மறுபடி கையைத் தூக்கினார். ரெண்டு விரல்.

ஏட்டய்யா, முப்பத்தெட்டு வருசத் தொழில்லே இப்படி ஒரு அக்கிரமத்தை நான் பார்த்ததில்லை. நான் ஏத்தறேன், அவர் நாலிலே இருந்து ரெண்டுக்கு இறங்கறார்! மனுசன் ஏறுவான், நிப்பான். சொன்னதிலே இருந்து இறங்குவானா? நான் ஸ்டூலைத் தள்ளிட்டு எழுந்தேன். அது விழுந்த சத்தத்துக்கு டிரம் அடிக்கிறவன் தலையாட்டினான், தாளத்திலே விழுந்திருக்கும்போல. முன்னாடி வரிசை வரைக்கும் போயி ஆறு விரலைக் காட்டினேன். ஹார்லன் கண்ணை மூடி வாசிச்சுக்கிட்டே இருந்தார். முடிச்சார். கையைத் தூக்கினார்.

ஒண்ணு.

ஒரே ஒரு விரல். வருசத்துக்கு ஒரு மாசம். அதிலே போக வர நாலு நாள், ஜெட் களைப்பு நாலு நாள், குலதெய்வம் கோயில் ஒரு நாள், சொந்தக்காரங்க வீட்டு விருந்து பத்து நாள். எனக்கு என்ன மிஞ்சும்? தவுட்டு மூட்டைதான் மிஞ்சும்.

அப்புறம் நடந்தது எனக்கே சரியா ஞாபகமில்லை. மேடைமேலே நின்னுக்கிட்டு இருந்தேன். துண்டை உதறி ஹார்லன் வலது கைமேலே போட்டு, அடியிலே கையை விட்டேன். வாசல் ஆளு ஓடி வர்றான். மயிலு "அப்பா! அப்பா!"ங்கறா. டெஸ்மண்ட் மட்டும் வாசிக்கிறதை நிறுத்தலை. நல்ல பையன், பெரியவங்க பேசும்போது குறுக்கே வரமாட்டான். நான் ஹார்லனோட அஞ்சு விரலையும் சேர்த்துப் பிடிச்சேன். அஞ்சு. கடைசி விலை. இதுக்குமேலே பேச்சில்லைன்னு கண்ணாலே சொன்னேன்.

அந்த மனுசன் என்னைப் பார்த்தார். கையை உருவலை. திருப்பி என் கையை முழுசா, இறுக்கமாப் பிடிச்சார் ஏட்டய்யா! அஞ்சு! ஒண்ணிலே இருந்து அஞ்சுக்கு ஒரே பிடியிலே ஏத்தினேன்! நான் கூட்டத்தைப் பார்த்து, "அஞ்சு மாசம்! என் வீட்டிலே அஞ்சு மாசம்!"னு கத்தினேன். ஹார்லன் இடது கையாலே தன் தலையைத் தொட்டுக் காட்டினார். தலைமேலே சத்தியம்! உடனே எல்லாரும் ஆரம்பத்திலே வாசிச்ச பாட்டையே மறுபடி வாசிச்சு முடிச்சாங்க. கூட்டம் எழுந்து நின்னு கை தட்டுச்சு. எந்தச் சந்தையிலும் எனக்கு யாரும் கை தட்டினதில்லை.

ஹார்லன் மயிலைப் பார்த்து ஏதோ கேட்டார். இவளுக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. மைக்குக்குப் பக்கத்திலே வந்து ரெண்டே வரி இங்கிலீஷிலே சொன்னா. அந்தப் பெரியவர் நெஞ்சிலே கையை வைச்சார். கண்ணு கலங்கிருச்சு. என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டார். நடுவிலே அந்தக் குழல் மாட்டி என் விலா எலும்பு ஒரு வாரம் வலிச்சுது.

வீட்டுக்குப் போற வழியிலே மயிலு சொன்னா: "அப்பா, அது பேரம் இல்லை. நாலுன்னா குழலும் டிரம்மும் நாலு நாலு சுத்து மாத்தி மாத்தி வாசிக்கணும். அப்புறம் ரெண்டு ரெண்டு. அப்புறம் ஒண்ணு ஒண்ணு. தலையைத் தொட்டா, ஆரம்பத்துப் பாட்டுக்குத் திரும்பணும். மேடையிலே பேச முடியாதில்லே, அதான் விரல்."

எனக்கா காது குத்தறா! பாட்டுக்காரன் பாட்டாலே சொல்லவேண்டியதுதானே, விரல் எதுக்கு? என்னை மானம் போகாமே காப்பாத்தறதுக்குச் சொல்றாள்னு விட்டுட்டேன். "சரி சாமி, எனக்குச் சம்மதம். கல்யாணத்தை வைச்சுக்கலாம்"னேன். கார்லேயே என் தோளிலே சாஞ்சு அழுதா. ஜெயிச்சவன் அழக் கூடாதுன்னு நான் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு வந்தேன்.

தை மாசம் இங்கே கல்யாணம். மூணு பேரும் வந்தாங்க. அவளுக்குன்னு மேல் அறைக்குச் சுண்ணாம்பு அடிச்சு, கட்டிலுக்குப் புது மெத்தை போட்டு வைச்சிருந்தேன். பதினோராம் நாள் காலையிலே, "ஏர்போர்ட் போகணும்பா"ன்னா. சம்பந்தியை வழியனுப்பத்தான்னு நான் வேன் பிடிச்சேன். கோயமுத்தூர் ஏர்போர்ட் வாசல்லே கதவைத் திறந்தேன். மயிலு இறங்கினா. டெஸ்மண்ட் இறங்கினான். பெட்டி ரெண்டு இறங்குச்சு. ஹார்லன் இறங்கலை. பின் சீட்டிலே முறுக்குத் தின்னுக்கிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இறங்கச் சொல்லு, நேரமாகுது"ன்னேன்.

மயிலு தலையைக் குனிஞ்சா. "அவர் வரலைப்பா. அன்னிக்கு மேடையிலே நீ அஞ்சு மாசம்னு கத்தினதும், என்ன சொல்றாருன்னு அவர் கேட்டாரு. எனக்கு வேற வழி தெரியலை. 'எங்கப்பா உங்களை அஞ்சு மாசம் வீட்டிலே வந்து தங்கச் சொல்றாரு'ன்னு சொல்லிட்டேன். டெஸ்மண்டோட அம்மா இறந்து ரெண்டு வருசமா அவரை யாருமே வீட்டுக்குக் கூப்பிட்டதில்லைப்பா. கிளப்பிலே இருந்து ஓய்வு வாங்கிட்டு, வீட்டைக்கூடக் காலி பண்ணிட்டு வந்திருக்காரு."

"அப்போ நீ?"

"எனக்கு லீவு பதினோரு நாள்தான்பா."

இப்போ சொல்லுங்க ஏட்டய்யா. வாக்குத் தப்பலை. தலைமேலே சத்தியம் பண்ணினவர் அஞ்சு மாசம் இருக்கார். யார்மேலே நான் வழக்குப் போடறது?

அவரைக் குத்தம் சொல்லலை. ருக்குமணி அவரை அண்ணாங்கறா. இவ தமிழ்லே பேசறா, அவர் இங்கிலீஷிலே பேசறார், ரெண்டு பேரும் மணிக்கணக்காச் சிரிக்கிறாங்க. முப்பது வருசமா நான் தமிழ்லேதான் பேசறேன், எனக்கு ஒரு சிரிப்பு கிடைச்சதில்லை. சந்தகையும் தேங்காய்ப்பாலும்னா தட்டை வழிச்சுச் சாப்பிடறார். சந்தைக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்கே நின்னு ஏதோ பாட்டை முனகிக்கிட்டு, விரலைக் காட்டி, தலையைத் தொட்டார். ஒரு காங்கேயம் காளை அவர் பேருக்கு விலை முடிஞ்சுபோச்சு. அதுக்குத்தான் இப்போ ஊதிக்கிட்டு இருக்கார். அந்த மாடு அவர் ஊதினாத்தான் தண்ணி குடிக்குது.

ஞாயித்துக்கிழமை மயிலு கூப்பிடுவா. மாமனாரோட நாற்பது நிமிஷம். அம்மாவோட இருபது. என்கிட்டே, "நல்லாயிருக்கியாப்பா? மாத்திரை போட்டியா? அடுத்த வருசம் பார்க்கலாம்பா." அவ்வளவுதான்.

சரி, மறைக்கிறதிலே அர்த்தமில்லை. 'ராக்கியப்பன் வீட்டில் தங்கியுள்ள வெளிநாட்டு நபர் அதிகாலையில் பித்தளைக் கருவி மூலம் சமிக்ஞை அனுப்புகிறார்'னு உங்க ஸ்டேஷனுக்கு ஒரு பேரில்லாத மனு வந்ததில்லே? அதை எழுதினது நான்தான். இடது கையாலே எழுதினேன். சமிக்ஞைங்கற வார்த்தையை மட்டும் பத்திரம் எழுதறவர்கிட்டே கேட்டுக்கிட்டேன்.

கோபப்படாதீங்க. உட்காருங்க. ஹார்லனுக்கு ஒரு கஷ்டமும் வரக் கூடாது. அவர்மேலே ஒரு கை பட்டுதுன்னா நான் ஸ்டேஷன் வாசல்லே படுத்துக்குவேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம். 'மேற்படி நபரின் மருமகள் மயில்விழி நேரில் ஆஜராகி விளக்கம் அளிக்கவும்.' அவ்வளவுதான். அதை ஃபோட்டோ எடுத்து அனுப்பிடறேன். போலீஸ் கூப்பிட்டா லேப்பிலே லீவு கொடுக்காமே இருப்பாங்களா? விசாரணை ஒரு மாசம் நடக்கும்னு போடுங்க. முடியாதா? இருபது நாள்? அட, பதினஞ்சு நாள்னாவது போடுங்க ஏட்டய்யா!

என்னது? நானே ஃபோன் பண்ணி, 'உன்னைப் பார்க்கணும்போல இருக்கு, வா சாமி'ன்னு கூப்பிடறதா?

கூப்பிட்டு, வர முடியாதுன்னு அவ சொல்லிட்டா? அதுக்குமேலே நான் என்னத்தைப் பேசறது?

இல்லைங்க. நீங்க எழுதுங்க. காகிதம் இல்லைன்னா நான் தரேன். 'நேரில்'ங்கற வார்த்தையை மட்டும் கொஞ்சம் பெரிசா எழுதுங்க.